கோர்டு எல்-29, 810, 812: வண்டியைக் கவிழ்த்தது முன்சக்கர இழுவையா, முதலாளியா?

டபுள்கிளட்ச்:

வணக்கம் மக்களே. போருக்கு முந்தைய அமெரிக்க கார் என்று பேச ஆரம்பித்தால் ஃபோர்டு, பேக்கார்டு, கேடிலாக் என்று அதே வீதியில்தான் சுற்றுகிறோம். இந்தத் தடவை கோர்டு.

மொத்தமே இரண்டு தலைமுறைதான். 1929-இல் எல்-29 வந்தது, 1932-க்குள் முடிந்தது. சில வருடம் ஒன்றுமில்லை. பிறகு 1936-க்கு 810, 1937-க்கு 812. எல்-29 ஏறக்குறைய 5,000 வண்டி. 810, 812 இரண்டும் சேர்ந்து 3,000-ஐத் தொடவில்லை. அன்றைய ஃபோர்டு தொழிற்சாலைகளுக்கு இது ஒரு வார வேலைகூட இல்லை. ஆனாலும் அமெரிக்காவின் அழகான பழைய கார்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் 810-ஐ விட்டுவிட்டுப் போட முடிவதில்லை.

இதைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே பல்லவி: "முன்சக்கர இழுவை காலத்தை முந்தி வந்துவிட்டது, அதனால் தோற்றது." (முன்சக்கர இழுவை என்றால் இன்ஜின் பின்சக்கரத்தை விட்டு முன்சக்கரத்தைச் சுற்றுவது.) எனக்கு இது ஒப்பவில்லை. எல்-29 விஷயத்தில் பாதி சரி. 810-ஐப் படுக்க வைத்தது கியர்பாக்ஸ். கியர்பாக்ஸைக் கெடுத்தது அவசரம். அவசரத்துக்குக் காரணம், கார் கம்பெனிக்குக் காசு போட மனமில்லாத முதலாளி. இதுதான் என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் வரலாம்.

முதலாளியைப் பற்றி நாலு வரி. எரெட் லாபன் கோர்டு, 1894-இல் மிசூரியில் பிறந்தவர். சிக்காகோவில் மூன் கார் விற்ற சேல்ஸ்மேன். 1924-இல் இந்தியானா மாநிலத்து ஆபர்ன் கார் கம்பெனிக்கு அழைத்தார்கள். விற்காமல் நின்ற வண்டிகளுக்குப் பளிச்சென்று புதுப் பெயின்ட் அடிக்க வைத்து விற்றுத் தீர்த்தார். கொஞ்ச வருடத்தில் கம்பெனியே அவர் கையில். 1926-இல் டூசன்பர்க்கை வாங்கினார், லைகமிங் இன்ஜின் கம்பெனி, ஸ்டின்சன் விமானக் கம்பெனி என்று சேர்த்துக்கொண்டே போனார். ஆபர்ன் நடுத்தர விலை, டூசன்பர்க் ராஜாக்களுக்கு. நடுவில் ஒரு படி காலியாக இருந்தது. அந்தப் படிக்குத்தான் தன் பேரையே வைத்தார்.

---

மழைக்காலம்:

ஆகா, உலகத்தின் முதல் ஃப்ரண்ட் வீல் டிரைவ் கார்! உட்கார்ந்துவிட்டேன், தொடருங்கள்.

---

டபுள்கிளட்ச்:

@மழைக்காலம், உலகத்தில் முதல் இல்லை. அதற்கு முன்பே பலர் முயன்றார்கள், இங்கிலாந்தில் ஆல்விஸ் 1928-இல் விற்பனைக்கே விட்டது. அமெரிக்காவில் ஓரளவு எண்ணிக்கையில் விற்ற முதல் வண்டி என்று சொன்னால் சரி. எல்-29 வந்த அதே வருடம் ரக்ஸ்டன் என்று இன்னொரு முன்சக்கர வண்டியும் அங்கே வந்தது; சில நூறுகூடத் தேறாமல் போய்விட்டது.

எல்-29-இன் வேர் பந்தயத்தில் இருக்கிறது. ஹாரி மில்லர் என்ற பந்தய வண்டிக்காரர் இருபதுகளின் நடுவிலேயே முன்சக்கரம் இழுக்கும் கார்களை இண்டியானாபொலிஸில் ஓடவிட்டார். 1925 பந்தயத்தில் அப்படி ஒரு வண்டி இரண்டாவதாக வந்தது. கோர்டு அந்தக் காப்புரிமைகளை வாங்கிக்கொண்டு, கார்னீலியஸ் வான் ரான்ஸ்ட் என்ற பொறியாளரிடம் ரோட்டில் ஓடும் காராக மாற்றச் சொன்னார்.

பந்தய வண்டியில் கியர் மாற்றுவது அபூர்வம், ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்ப வேண்டியதும் இல்லை. வீட்டுக்கார் அப்படியா? ஒவ்வொரு முச்சந்தியிலும் திருப்பணும். அங்கேதான் வினை. லேத்துக்காரர் இருக்கிறாரா?

---

லேத்துப்பட்டறை:

இருக்கேனுங்க. கூப்ட்டது கேட்டுச்சு.

ஜாயின்ட் சமாச்சாரம் சொல்றேன். லாரி அடியில ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்ல இருக்குமே யூ-ஜாயின்ட், நடுவுல ஒரு கிராஸ் வெச்சு. ஷாஃப்ட் நேரா இருக்கற வரைக்கும் அது சமர்த்துங்க. மடங்குச்சுன்னா வெளிய போற பக்கம் ஒரே வேகத்துல சுத்தாது. ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை முந்தும், ரெண்டு தடவை பிந்தும். பின்னாடி ஷாஃப்ட்ல மடங்கற கோணம் கம்மி, யாருக்கும் தெரியாது. முன்சக்கரத்துல அப்படி இல்லீங்க. சக்கரம் இழுக்கவும் செய்யணும், திரும்பவும் செய்யணும். முழுசா திருப்பிட்டு ஆக்சிலேட்டரை மிதிச்சா ஸ்டியரிங் கையில வெடவெடன்னு உதறும்.

எல்-29-ல இந்தக் கிராஸை ரெண்டு ரெண்டா ஜோடி போட்டிருக்காங்க. ஒண்ணு பண்ற தப்பை இன்னொண்ணு அடிச்சிரும்ங்கற கணக்கு. கணக்கு சரிதான். ஆனா ரெண்டுலயும் கோணம் பாதிப்பாதியா இருக்கற வரைக்கும்தான். அதுவும் போக, மண்ரோடு, தூசி, கிரீஸ் அடிக்க மறந்த ஓனருன்னு எல்லாம் சேந்தா கிராஸ் சீக்கிரமே தேஞ்சிரும்.

இன்னைக்கி ஓடற ஃப்ரண்ட் வீல் வண்டியில ஆறு குண்டு போட்ட சிவி ஜாயின்ட், எந்தக் கோணத்துல மடங்குனாலும் ஒரே வேகத்துல சுத்தும். ரப்பர் பூட்டு கிழியாம பாத்துக்கிட்டா லட்சம் கிலோமீட்டர் போனாலும் சத்தம் வராது. கிழிஞ்சு கிரீஸ் வெளிய போயிருச்சுன்னா ஸ்டியரிங்கை முழுசா திருப்பும்போது டக்டக்குன்னு கேக்கும். வீட்ல காரு வெச்சிருக்கறவங்க அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பீங்க.

---

டபுள்கிளட்ச்:

அருமை. இதோடு எல்-29-க்கு இன்னொரு சங்கடம், எடை.

இன்ஜின் லைகமிங்கின் எட்டு சிலிண்டர், எட்டும் ஒரே வரிசையில், 4.9 லிட்டர். ஆபர்னுக்குப் போட்ட இன்ஜினையே திருப்பி வைத்தார்கள்: கிளட்ச் பக்கம் முன்னே. முன்னாலிருந்து பார்த்தால் டிஃபரென்ஷியல், கியர்பாக்ஸ், கிளட்ச், அதற்கும் பின்னால் அந்த நீண்ட இன்ஜின். பானெட்டின் நீளத்தைப் பார்த்து ஊரே வாய் பிளந்தது. ஆனால் இன்ஜின் அவ்வளவு பின்னே போனால் முன்சக்கரத்தின் மேல் பாரம் எங்கே இருக்கும்? மேட்டில் ஏறும்போது எந்த வண்டிக்கும் பாரம் பின்னால் சாயும். ஈரமான சரிவிலோ ஜல்லி மேட்டிலோ எல்-29-இன் முன்சக்கரம் பிடிப்பில்லாமல் சுற்றியது என்பது அன்றிலிருந்து இன்றுவரை சொல்லப்படும் புகார். முன்சக்கர இழுவையின் குறையாக அதைச் சொல்கிறார்கள். நான் அதை நீள இன்ஜினின் குறை என்பேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பின்னால் ஷாஃப்ட் போகாததால் தரை தாழ்ந்தது, அதோடு கூரையும் தாழ்ந்தது. மற்ற கார்கள் நிமிர்ந்து நிற்கும் வரிசையில் இது படுத்துக் கிடப்பது மாதிரித் தெரியும். ஆலன் லீமி வரைந்த முகப்பு. 1930 இண்டியானாபொலிஸ் பந்தயத்துக்கு முன்னோட்ட வண்டியாக (தொடக்கத்தில் எல்லா வண்டிக்கும் முன்னே ஓடுவது) ஓடியது எல்-29தான். அந்த வருடம் பந்தயத்தை வென்றதும் மில்லரின் முன்சக்கர வண்டிதான், பில்லி ஆர்னால்டு ஓட்டினார். கட்டடக்கலை மேதை ஃபிராங்க் லாயிட் ரைட்டும் ஓர் எல்-29 வைத்திருந்தார்.

விலை 3,000 டாலருக்கு மேல். வந்தது 1929 ஆகஸ்ட். அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தது. பிறகு 2,500-க்குக் கீழே இறக்கியும் ஆள் இல்லை.

---

கணக்குப்பிள்ளை:

டபுள்கிளட்ச் சார், முதலாளி மேல் மொத்தப் பழியையும் போடுகிறீர்களே, ஒரு கணக்கு கேட்கிறேன். அமெரிக்காவில் கார் கம்பெனிகள் வரிசையாகச் சாய்ந்துகொண்டிருந்த 1931-இல், அதே கோர்டின் ஆபர்ன் தன் வரலாற்றிலேயே அதிகமாக விற்றது. விற்பனை தெரிந்த மனிதர்தான்.

அவர் பணம் எங்கே போனது என்று பாருங்கள். 1929-இல் கோர்டு கார்ப்பரேஷன் என்று ஒரு தாய்க் கம்பெனி. அதன் கீழ் கார், இன்ஜின், விமானம். 1931-இல் செஞ்சுரி ஏர்லைன்ஸ் ஆரம்பித்தார். அடுத்த வருடமே ஏவியேஷன் கார்ப்பரேஷனைச் சண்டை போட்டுக் கைப்பற்றினார். இன்றைய அமெரிக்கன் ஏர்லைன்ஸின் வேர் அதில்தான். நியூயார்க் கப்பல் கட்டும் கம்பெனி, செக்கர் டாக்ஸி, எல்லாவற்றிலும் கை வைத்தார். 1933-34-இல் உங்களிடம் அந்தப் பணம் இருந்தால் வருடா வருடம் நஷ்டம் காட்டும் கார் தொழிற்சாலையில் போடுவீர்களா, விமானத்தில் போடுவீர்களா?

முதலீட்டாளராக அவர் செய்தது தப்பே இல்லை என்பேன். கார் ரசிகர்களுக்குத்தான் கோபம்.

---

டபுள்கிளட்ச்:

பிள்ளைவாள், அதைத்தானே நானும் சொல்கிறேன்! முதலீட்டாளராகச் சரி. விமானத்தில் போடுங்கள், கப்பலில் போடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது. ஆனால் பணம் போடாத தொழிற்சாலையிடம் உலகத்திலேயே சிக்கலான காரை, அதுவும் சில மாதத்தில் செய் என்று கேட்டதுதான் வம்பு.

810-இன் கதை இப்படி. கார்டன் பியூரிக், 1904-இல் பிறந்தவர், இருபத்தைந்து வயதில் டூசன்பர்க்கின் வடிவமைப்புப் பொறுப்பு. நடுவில் 1933-இல் ஜெனரல் மோட்டார்ஸ் போனார். அங்கே உள்ளுக்குள் ஒரு வடிவமைப்புப் போட்டி. ரேடியேட்டரை மூக்கிலிருந்து தூக்கி ஓரத்தில் வைத்து, பானெட்டை மூடிய பெட்டி மாதிரி ஆக்கிய அவருடைய யோசனை கடைசி இடம் வாங்கியது. டூசன்பர்க்குக்குத் திரும்பினார். அதே யோசனையைக் கொஞ்சம் மாற்றி "குட்டி டூசன்பர்க்" என்று ஒரு திட்டம். அது பின்சக்கர வண்டியாகத்தான் ஆரம்பித்தது. பிறகு முன்சக்கர இழுவையாகி, கோர்டு என்று பெயர் மாறியது. நடுவில் காசில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். 1935 கோடையில் திடீரென்று, நவம்பர் நியூயார்க் கண்காட்சிக்கு வண்டி வேண்டும் என்று உத்தரவு.

கண்காட்சிக்கு ஒரு விதி இருந்தது: குறைந்தது 100 வண்டி கட்டியிருக்க வேண்டும். கையாலேயே தட்டிக் கொட்டி நூறு தேற்றினார்கள். கியர்பாக்ஸ் தயாராகவில்லை. தயாராகாத வண்டியைப் பார்க்கத்தான் அந்தக் கூட்டம்! பக்கத்துக் கம்பெனி கார்களின் பம்பரில் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்களாம். ஆர்டர் குவிந்தது. கிறிஸ்துமஸுக்குள் டெலிவரி என்று வாக்குக் கொடுத்தார்கள். மாதம் 1,000 வண்டி என்று திட்டம்.

கிறிஸ்துமஸுக்கு வந்தது காரல்ல. பணம் கட்டியவர்களுக்குப் பளிங்குப் பலகையில் பொருத்திய குட்டி வெண்கல பொம்மைக் கார். நிஜ வண்டி 1936 பிப்ரவரியில்தான் வெளியே வர ஆரம்பித்தது. நியூயார்க்குக்கு முதல் வண்டி போய்ச் சேர்ந்தது ஏப்ரலில்.

---

பஞ்சர்பாண்டி:

பொம்மைக் கார் 😂 நம்ம ஊர் அபார்ட்மென்ட் பில்டர் சாவி மட்டும் குடுத்த கதை.

---

ஸ்காபரோக்காரன்:

டபுள்கிளட்ச் அண்ணை, வணக்கம். கனடாவில இருந்து எழுதுறன். சிக்காகோவில இருக்கிற மச்சான் வீட்டுக்குப் போகேக்க, கொஞ்சம் சுத்திப் போய் இந்தியானாவில ஆபர்ன் எண்ட அந்தச் சின்ன ஊரில இறங்கினனாங்கள். பழைய ஆபர்ன் கம்பெனியின்ர 1930-ஆம் ஆண்டுத் தலைமை அலுவலகத்தையே மியூசியமாக்கி வச்சிருக்கினம். கீழ்த்தளம் அந்தக் கால ஷோரூம். மொசைக் தரையும், கூரையில தொங்குற விளக்குகளும் அப்பிடியே இருக்குது. வண்டி வாங்க வந்தவன் மாதிரித்தான் உள்ளுக்குப் போக வேணும்.

810-ஐக் கிட்ட நிண்டு பார்த்தனான். முன்னுக்கு ஹெட்லைட்டே இல்லை! மட்கார்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கினம். டாஷ்போர்டின்ர இடப்பக்க முனையில ஒரு கைபிடி, வலப்பக்க முனையில ஒரு கைபிடி. இருட்டினா அதைச் சுத்திச் சுத்தி லைட்டை வெளியால கொண்டு வர வேணும். ஒரு கைபிடிக்கு ஒரு லைட்டுத்தான். தனிய ஓடுறவன் மற்றப் பக்கம் எட்டிச் சுத்த வேணும், இல்லாட்டி நிப்பாட்டிப் போட்டுச் சுத்த வேணும். என்ர மனிசி கேட்டா, "இதுக்குத்தான் பக்கத்தில ஆளை ஏத்துறவையோ" எண்டு.

டாஷ்போர்டு முழுக்கச் சுழி சுழியாக் கடைஞ்ச உலோகத் தகடு, வட்ட வட்ட மீட்டர்கள், விமானத்தின்ர காக்பிட் மாதிரி. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில விரலளவு ஒரு குட்டி லீவர். அதுதான் கியராம். வேலை செய்யிற விதம் எனக்கு விளங்கேல்லை, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

டபுள்கிளட்ச்:

ஸ்காபரோத் தம்பி, நேரில் பார்த்த ஆள் கிடைத்தது பாக்கியம். அந்த ஹெட்லைட் ஸ்டின்சன் விமானத்தின் லேண்டிங் லைட்டிலிருந்து வந்தது. முதலாளிக்கு விமானக் கம்பெனியும் இருந்ததில் காருக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான் போலிருக்கிறது!

குட்டி லீவர் விஷயம். கியர்பாக்ஸ் வண்டியின் மூக்கில் இருக்கிறது, ஓட்டுநர் எங்கேயோ பின்னால். நடுவில் இன்ஜின். இரும்புக் கம்பி இழுத்துக் கியர் மாற்றுவது கஷ்டம். எனவே பெண்டிக்ஸ் கம்பெனியின் மின்சார ஏற்பாடு. லீவரை அந்தச் சின்னத் தடத்தில் நகர்த்தினால் ஒன்றும் நடக்காது. அடுத்து எந்தக் கியர் வேண்டும் என்று சொல்லி வைக்கிறீர்கள், அவ்வளவுதான். கிளட்சை மிதிக்கும்போதுதான் மாறும். மின்சாரம் வால்வைத் திறக்கும், இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம் கியரைத் தள்ளும். வளைவு வருவதற்கு முன்பே மூன்றாவதைச் சொல்லி வைத்துவிட்டு, வேண்டிய நொடியில் கிளட்சைத் தட்டினால் போதும். முன்னோக்கி நாலு கியர், நாலாவது ஓவர்டிரைவ், அதாவது நெடுஞ்சாலையில் இன்ஜின் மெதுவாகச் சுற்றினாலே வண்டி வேகமாகப் போகும் கியர். 1936-இல்!

வேலை செய்தால் சொர்க்கம். ஒரு வயர் தொட்டும் தொடாமலும் இருந்தாலோ, வெற்றிடக் குழாயில் கசிவு இருந்தாலோ போச்சு. முதல் வண்டிகளில் ஓடும்போதே கியர் நழுவி வெளியே வந்தது. அப்புறம் வேப்பர் லாக்.

---

லேத்துப்பட்டறை:

வேப்பர் லாக்குக்கு வண்டிய அமெரிக்காவுல தேட வேண்டியதில்லீங்க. சித்திரை வெயில்ல அம்பாசடர் ஓட்டுனவங்களைக் கேளுங்க. பெட்ரோல் பம்பும் லைனும் சூடாகி உள்ள பெட்ரோல் கொதிச்சு ஆவியாயிரும். பம்பு திரவத்தைத் தள்ளும், ஆவியைத் தள்ளாது. வண்டி நடுரோட்ல நின்னுக்கும். பம்பு மேல ஈரத்துணி போட்டு, ஒரு டீ குடிச்சிட்டு வந்தா கெளம்பிரும். எங்க பட்டறைக்குக் கொண்டு வந்த பாதிப் பேரு துணியோடவே வருவாங்க.

810-ல பானெட்டை டப்பா மாதிரி மூடிட்டாங்கன்னு சொல்றீங்க. உள்ள வி-8, கூட்டம் ஜாஸ்தி, காத்து கம்மி. சூடு எங்கீங்க போகும்? இது டிசைன் போட்டவர் மேலயும் கொஞ்சம் போட வேண்டிய பழி. முதலாளி மட்டும் இல்லீங்க.

---

டபுள்கிளட்ச்:

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முழுசாக இல்லை. இந்தச் சூடு, கியர் நழுவல் எல்லாம் ஆறு மாதம் பாலைவனத்தில் ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், திருத்தியிருப்பார்கள். அந்த ஆறு மாதம் கிடைக்கவில்லை. அந்தச் சோதனையை வாடிக்கையாளர்தான் சொந்தக் காசில் செய்தார்.

காசு எவ்வளவு இறுக்கம் என்பதற்கு மூன்று சாட்சி. ஒன்று, கூரை. தகடு அடிக்கும் பெரிய அச்சு செய்யக் காசில்லாததால் செடானின் கூரையை ஏழு துண்டாக அடித்து, பற்றவைத்து, தேய்த்து, ஈயம் பூசி ஒன்றாக்கினார்கள். அச்சில் மிச்சம் பிடித்ததைக் கைக்கூலியில் விட்டார்கள். இரண்டு, கதவுகள். முன் வலது கதவும் பின் இடது கதவும் ஒரே அச்சில் பிறந்தவை. வெட்டி ஒதுக்குவதில்தான் வித்தியாசம். நாலு கதவுக்கு இரண்டே அச்சு. மூன்று, தம்பி பார்த்து மயங்கிய அந்த டாஷ்போர்டு. மற்ற கம்பெனிகளுக்கு மிஞ்சிப்போன மீட்டர்களையும் குமிழ்களையும் மலிவாக வாங்கி வந்து, அவற்றைச் சுற்றித்தான் பியூரிக் அந்தத் தகட்டை வரைந்தார்.

இவ்வளவு நெருக்கடியிலும் வண்டியைப் பாருங்கள். கால்மிதி பலகை கிடையாது, கதவுக் கீல் வெளியே தெரியாது, பெட்ரோல் மூடி தெரியாது. மூக்கைச் சுற்றி பக்கவாட்டில் ஓடும் அந்தக் கோடுகள் தவிர ஓர் அலங்காரமும் இல்லை. உயரம் ஐந்தடி சுற்று. முன்சக்கரத்துக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். வி-8 குட்டையான இன்ஜின் என்பதால் முன்சக்கரத்துக்கு நெருங்கி வந்தது, கியர்பாக்ஸ் முன்சக்கரங்களுக்கும் முன்னே போனது. எல்-29-இன் பாரக் கோளாறைத் தெரிந்தேதான் சரிசெய்திருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன்: முன்சக்கர இழுவை 810-இல் தேறிவிட்டது.

---

எட்டாம்சிலிண்டர்:

ஓர் எதிர்க்கேள்வி. 1934-இல் பிரான்ஸில் சித்ரோன் டிராக்சியோன் அவான் வந்தது. அதிலும் முன்சக்கர இழுவை, அடியில் தனிச் சட்டகம் இல்லாத ஒற்றை உடல், கியர்பாக்ஸ் மூக்கில், அவசரம், ஆரம்பக் கோளாறு. எல்லாமே ஒன்றுதான். அந்த வருடக் கடைசியிலேயே சித்ரோன் திவாலும் ஆனது. ஆனால் அந்த வண்டி 1957 வரை ஓடி, ஏழரை லட்சத்தைத் தாண்டியது. முதலாளி கெட்டால் வண்டி கெடும் என்றால் இது எப்படி?

---

கணக்குப்பிள்ளை:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது டபுள்கிளட்ச் சாருக்குச் சாதகமான பதில்! சித்ரோனுக்குப் பெரிய கடன்காரர் மிஷலின். கம்பெனியை எடுத்துக்கொண்டு, டயர் விற்ற காசை அந்த வண்டியில் கொட்டினார்கள். கோளாறு சரியாகும்வரை பொறுத்தார்கள். கோர்டு வண்டிக்கு மிஷலின் இல்லை.

அதோடு விலையையும் பாருங்கள். சித்ரோன் நடுத்தர வீட்டு வண்டி. 810 ஆரம்ப விலையே 1,995 டாலர். அன்று ஃபோர்டு வி-8 அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் கிடைத்தது. கோளாறு பிடித்த மலிவான வண்டியைச் சகித்துக்கொள்வார்கள். கோளாறு பிடித்த விலையுயர்ந்த வண்டியை யார் சகிப்பார்? டீலர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

முதலாளி அந்தச் சமயத்தில் அமெரிக்காவிலேயே அதிகம் இல்லை. 1934-இல் பிள்ளைகளைக் கடத்தப்போவதாக மிரட்டல் என்று குடும்பத்தோடு இங்கிலாந்து போய்விட்டார். திரும்பி வந்ததும் பங்கு வியாபாரத்தில் அரசு விசாரணை, செக்கர் டாக்ஸி பங்கு விவகாரம். 1937 ஆகஸ்டில் தன் பங்குகளை மொத்தமாக விற்றுவிட்டு ஒதுங்கினார். வாங்கியவர்களுக்குக் கார் மேல் ஆசையே இல்லை. கோர்டு, டூசன்பர்க் இரண்டும் அந்த வருடத்தோடு சரி. ஆபர்ன் அதற்கு முன்பே நின்றுவிட்டது.

---

மழைக்காலம்:

812-க்கும் 810-க்கும் என்ன வித்தியாசம்? படத்தில் ஒரே மாதிரிதானே இருக்கிறது. சிலதில் மட்டும் பானெட் பக்கத்திலிருந்து வெள்ளிக் குழாய் வெளியே வருகிறது.

---

டபுள்கிளட்ச்:

பாதி 812 என்பது 810தான்! 1936-இல் விற்காமல் நின்றவற்றுக்கும் பாதியில் நின்றவற்றுக்கும் நம்பர் மாற்றி 1937 மாடல் என்று விற்றார்கள். 1924-இல் புதுப் பெயின்ட் அடித்து விற்ற வித்தைதான், கொஞ்சம் மலிவாக.

வெள்ளிக் குழாய் உள்ளவை சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றைக் கூடுதலாகத் திணிக்கும் கருவி) வைத்த வண்டிகள். சாதா வி-8, 4.7 லிட்டர், 125 குதிரைத்திறன். ஷ்விட்சர்-கம்மின்ஸ் சூப்பர்சார்ஜர் வைத்தது 170. அந்தக் குழாய்க்குள் உண்மையிலேயே புகை போகிறது. ஏப் ஜென்கின்ஸ் என்ற சாதனை ஓட்டுநர் 1937-இல் சூப்பர்சார்ஜர் வைத்த நாலு கதவு செடான் ஒன்றை பானவில் உப்புத் தரையில் 24 மணி நேரம் ஓட்டினார். சராசரி வேகம் மணிக்கு 101 மைலுக்கு மேல். வீட்டுக்கார்! கியர் நழுவும் வண்டி என்று பேர் வாங்கிய ஜாதி!

இதனால்தான் எனக்கு வயிற்றெரிச்சல். 1937-க்குள் பெரும்பாலான கோளாறு தீர்ந்துவிட்டது. தீர்ந்த நேரத்தில் கடையைச் சாத்தினார்கள்.

---

பஞ்சர்பாண்டி:

ஒரு கௌபாய் நடிகர் இந்த வண்டியில்தானே செத்துப்போனார்?

---

எட்டாம்சிலிண்டர்:

டாம் மிக்ஸ். மௌனப் படக் காலத்து நட்சத்திரம். 1940 அக்டோபர் 12, அரிசோனாவில் ஃபுளோரன்ஸ் ஊருக்குப் பக்கத்தில், சூப்பர்சார்ஜர் வைத்த 812 திறந்த வண்டி. பாலம் அடித்துப் போன இடத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது, வேகமாக வந்து பள்ளத்தில் இறங்கிவிட்டார். பின்னால் வைத்திருந்த உலோகப் பெட்டி பறந்து வந்து பிடரியில் அடித்தது. வண்டி பிறகு சீராக்கப்பட்டது. இதற்கும் முன்சக்கரத்தைக் குறை சொல்லாமல் விட்டார்களே, அதுவரை சந்தோஷம்.

---

ஸ்காபரோக்காரன்:

தொழிற்சாலைக்கு என்ன நடந்தது அண்ணை? ஆபர்னில செய்ததெண்டு நினைச்சன், மியூசியத்தில வேற ஊர் பேர் போட்டிருந்தவை.

---

டபுள்கிளட்ச்:

எல்-29 ஆபர்னில். 810, 812 அதே மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரில். கார் நின்ற பிறகு அந்தத் தொழிற்சாலை சமையலறை அலமாரி செய்தது. போர் வந்ததும் ஜீப்புக்கு உடல் அடித்துக் கொடுத்தது.

அச்சுகளின் கதை தனி. நார்மன் டி வோ என்பவர் 45,000 டாலருக்கு வாங்கி, ஹப்மொபைல் கம்பெனிக்குக் கொண்டுபோனார். முன்சக்கர இழுவையைக் கழற்றிவிட்டு, பின்சக்கரம் ஓட்டும் சாதா வண்டியாக, மூக்கை மட்டும் மாற்றி, ஹெட்லைட்டை வெளியே பொருத்தி, ஸ்கைலார்க் என்று விட்டார்கள். தனியாகச் செய்ய முடியாமல் கிரகாம் கம்பெனியோடு கூட்டு. அவர்கள் வண்டிக்கு ஹாலிவுட் என்று பேர். 1940-இல் இரண்டுமே முடிந்தது.

இதைக் கவனியுங்கள். "முன்சக்கரம்தான் சனியன்" என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சோதனை யாரும் செய்திருக்க முடியாது. அதே உடல், அதே அச்சு, முன்சக்கர இழுவை இல்லை, விசித்திரக் கியர்பாக்ஸ் இல்லை. போட்டதையும் எடுக்க முடியவில்லை. ஏழு துண்டுக் கூரை மட்டும் அப்படியே இருந்தது, அதைப் பற்றவைத்துத் தேய்க்கும் கூலியும்.

---

லேத்துப்பட்டறை:

இது நல்ல பாயின்டுங்க. டை சரியில்லைன்னா எந்த வண்டியும் தேறாது. அச்சுல விட்ட காசு திரும்ப வரும், கூலியில விட்ட காசு வராது.

---

கணக்குப்பிள்ளை:

சரி, ஆனால் ஒன்று. அந்த உடலை அவ்வளவு கூலி கேட்கும்படி வரைந்ததும் பியூரிக்தானே? லேத்துக்காரர் முதலிலேயே சொன்னார், நீங்கள் பாதிதான் ஒத்துக்கொண்டீர்கள். பழியில் மூன்றாவது பங்குதாரர் உண்டு என்று பதிவு செய்கிறேன்.

---

டபுள்கிளட்ச்:

பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் மேல் எனக்குக் கோபம் வர மாட்டேன் என்கிறது, என்ன செய்ய. பெரிய அச்சு இல்லை என்று சொன்னபோது, வரைபடத்தை மாற்றாமல் துண்டு துண்டாகவாவது அடிக்கிறோம் என்று தலையாட்டிய மேலிடத்துக்கும் அதில் பங்கு உண்டு. பியூரிக் பிற்பாடு ஃபோர்டில் சேர்ந்து 1956 கான்டினென்டல் மார்க் 2-இல் வேலை செய்தார். அங்கே அவருக்குக் காசு பஞ்சமில்லை. அந்த வண்டியும் கம்பெனிக்கு நஷ்டம்தான்!

---

மழைக்காலம்:

பிறகு முன்சக்கர இழுவை அமெரிக்காவில் எப்போது திரும்பி வந்தது?

---

எட்டாம்சிலிண்டர்:

1966 ஓல்ட்ஸ்மொபைல் டோரனேடோ. எந்த ஜெனரல் மோட்டார்ஸ் பியூரிக்கின் யோசனைக்குக் கடைசி இடம் கொடுத்ததோ, அதே கம்பெனி. அதன் சக்கரத் தட்டைப் பாருங்கள், துளைகளின் அமைப்பு அப்படியே கோர்டு. மறையும் ஹெட்லைட்டும் உண்டு. 812-ஐ நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1951-லேயே எட்டு கார்கள் கண்காட்சியில் வைத்துவிட்டது. அறுபதுகளில் ஓக்லஹாமாவில் கிளென் பிரே என்பவர் கம்பெனிப் பேரையும் மிச்ச உதிரிகளையும் வாங்கி, 810-ஐப் பத்தில் எட்டு பங்கு அளவில் பிளாஸ்டிக் உடலோடு செய்தார், ஷெவ்ரோலே கார்வேர் காரின் இன்ஜினை முன்னால் வைத்து. நூறுகூட வரவில்லை.

நம்ம பக்கம் பொதுஜனம் முன்சக்கர இழுவைக்குப் பழகியது 1983-இல் மாருதி 800 வந்த பிறகுதான். அதுவரை அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு எல்லாமே பின்னால் தள்ளியவை.

---

பஞ்சர்பாண்டி:

கடைசியா ஒண்ணு. சும்மா கிடைச்சா எது வேணும், எல்-29-ஆ 812-ஆ? டபுள்கிளட்ச் அண்ணன் தப்பிக்காம சொல்லணும்.

---

டபுள்கிளட்ச்:

சூப்பர்சார்ஜர் இல்லாத 810 செடான். வெள்ளிக் குழாய் கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனால் பியூரிக் வரைந்த பக்கவாட்டுக் கோட்டை அது நடுவில் வெட்டுகிறது. கியர்பாக்ஸை லேத்துக்காரரிடம் விட்டுவிடுவேன்.

---

லேத்துப்பட்டறை:

வயரிங்கை எலெக்ட்ரீஷியன்கிட்டக் குடுத்துட்டு, கியர்பாக்ஸை மட்டும் எங்கிட்ட அனுப்புங்க. ரெண்டு பேருக்கும் சண்டை வராம பாத்துக்கறது உங்க பொறுப்பு.